யாரும் விதைக்காத தோட்டம்

ஐப்பசியில் முதல் பெருமழை பெய்து ஐந்தாறு நாள் போனதும் இராமேசுவரம் தீவின் மணல் முற்றங்களில் பச்சை தெரியத் தொடங்கும். மாதக்கணக்கில் வெயிலில் காய்ந்த மணல் அது. தினமும் விளக்குமாறு பட்டு, ஒரு புல்கூட இல்லாமல் வெறிச்சென்று கிடந்தது. முதலில் ஊசிமுனைப் புள்ளிகளாகத் தெரிபவை, அடுத்த ஒன்றிரண்டு வாரத்துக்குள் சாரணை, மூக்கிரட்டை, நெருஞ்சி, கீழாநெல்லி, தும்பை, குப்பைமேனி என்று பெயர் சொல்லும்படி ஆகிவிடும். விதைத்தவர் யாரும் இல்லை.

தங்கச்சிமடத்தில் மதுரை மல்லிக்கு நாற்று வளர்த்து ஊர் ஊராக அனுப்புகிறவர்கள் இவற்றைக் களை என்பார்கள். நாற்றுக்குப் போக வேண்டிய தண்ணீரை இவை குடிப்பதால் அவர்கள் கோபம் நியாயமே. ஆனால் பூ விற்றுப் பிழைக்காத வீட்டின் முற்றத்தில் இவற்றை என்ன செய்வது? பிடுங்கி எறிந்துவிட்டு நர்சரியிலிருந்து குரோட்டன்ஸும் புல்தரையும் வாங்கி வைப்பது ஒரு வழி. சிலவற்றை அப்படியே வளரவிடுவது இன்னொரு வழி. எதை விடலாம், எதை விடக்கூடாது என்று முடிவு செய்ய, இவை எங்கிருந்து வந்தன என்பது முதலில் தெரிய வேண்டும்.

மழை விதை கொண்டு வருவதில்லை. காற்று கொண்டு வரும். ஆனால் காற்றில் மிதக்க விதைக்குப் பஞ்சு வேண்டும். எருக்குக்கு உண்டு, கீழாநெல்லிக்கு இல்லை. ஆகவே பெரும்பாலான விதைகள் மழைக்கு முன்பே மணலுக்குள் இருந்திருக்க வேண்டும். அறிவியலார் இதை ‘மண் விதை வங்கி’ என்கிறார்கள்.

வெறும் ஊகமாக இல்லாமல் இதை எண்ணிப் பார்த்தவர் சார்லஸ் டார்வின். ஒரு பிப்ரவரி மாதம் சின்னக் குளமொன்றின் ஓரத்தில், தண்ணீருக்கடியில் மூன்று இடங்களிலிருந்து மூன்று மேசைக்கரண்டி சேறு எடுத்தார். காய்ந்த பிறகு அதன் எடை 200 கிராமுக்கும் குறைவு. அதை ஒரு கோப்பையில் போட்டு, படிப்பறையில் மூடி வைத்து, முளைத்த ஒவ்வொரு செடியையும் பிடுங்கி எண்ணிக்கொண்டே வந்தார். ஆறு மாதத்தில் 537 செடிகள். 1859-இல் வெளிவந்த ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலில் இந்தக் கணக்கு இருக்கிறது.

அப்படி மண்ணுக்குள் விதை எத்தனை காலம் உயிரோடு இருக்கும்? இந்தக் கேள்விக்கு விடை தேடி 1879-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் பீல் என்ற தாவரவியலார் 20 பாட்டில்களைப் புதைத்தார். ஒவ்வொன்றிலும் ஈர மணலோடு கலந்து 21 இனங்களின் விதை, இனத்துக்கு 50 வீதம். தண்ணீர் தேங்காதிருக்க வாயைக் கீழ்நோக்கிச் சாய்த்து வைத்தார். குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒரு பாட்டிலைத் தோண்டி எடுத்து விதைத்துப் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. பீல் போய்ச் சேர்ந்தும் பரிசோதனை ஓடிக்கொண்டிருக்கிறது. 2021-இல் எடுத்த பாட்டிலில், 141 ஆண்டு மண்ணுக்கடியில் கிடந்த வெர்பாஸ்கம் என்ற செடியின் விதைகள் முளைத்தன. கடைசிப் பாட்டிலின் முறை 2100-இல் வருகிறது.

எல்லா விதையும் இப்படித் தாக்குப்பிடிப்பதில்லை. பீலின் 21 இனங்களில் பெரும்பாலானவை சில பத்தாண்டுகளுக்குள் செத்துவிட்டன. வேம்பின் விதையோ சில வாரங்களிலேயே முளைப்புத்திறனை இழக்கத் தொடங்கும். கொழிஞ்சி, அடும்பு போன்றவற்றின் விதைக்குக் கெட்டியான தோல். தண்ணீர் எளிதில் உள்ளே போகாது. அவை காத்திருக்கும்.

காத்திருப்பதில்தான் விஷயமே இருக்கிறது. இராமநாதபுரம் மாவட்டத்தின் ஆண்டு மழை 800 மில்லிமீட்டரை ஒட்டியது. அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை. அதுவும் ஒரு வருடம் கொட்டும், ஒரு வருடம் ஏமாற்றும். முதல் மழையை நம்பி எல்லா விதையும் முளைத்து, அதன்பின் வானம் வெளுத்துவிட்டால் அந்த இனமே அந்த முற்றத்திலிருந்து போய்விடும். அதனால்தான் செடி தன் விதைகளைச் சிறுவாடு போல வைத்துக்கொள்கிறது. அரிசிப் பானையில் ஒளித்த பணத்தை வீட்டுக்காரம்மா ஒரே திருவிழாவில் செலவழித்துவிடுவதில்லை. எவ்வளவு நல்ல நாளானாலும் அடியில் கொஞ்சம் மிஞ்சும். 1966-இல் ஜெருசலேமின் டான் கோஹன் இதைக் கணக்காகப் போட்டார்: நல்ல பருவம் வருவது எவ்வளவு நிச்சயமற்றதோ, அவ்வளவுக்குச் செடி தன் விதையில் பெரும்பகுதியை முளைக்கவிடாமல் வைப்பதே நெடுங்காலத்தில் லாபம். காகிதத்தில் இருந்த கணக்கு மண்ணில் சரிதானா என்று அமெரிக்காவின் ஆரிசோனா பாலைவனத்தில் லாரன்ஸ் வெனபிள் இருபதாண்டுக்கும் மேலாகச் செடிகளை எண்ணிப் பார்த்தார். 2007-இல் வெளியான முடிவு கோஹனுக்குச் சாதகமாக இருந்தது. விளைச்சல் ஆண்டுக்கு ஆண்டு அதிகம் ஏறி இறங்கும் இனங்களே விதையைக் கூடுதலாகப் பிடித்து வைத்தன.

சரி, மண்ணுக்குள் இருட்டில் கிடக்கும் விதைக்கு, பெய்தது தூறலா பெருமழையா என்று எப்படித் தெரியும்? கலிபோர்னியப் பாலைவனச் செடிகளை 1940-களிலும் 50-களிலும் ஆராய்ந்த ஃபிரிட்ஸ் வென்ட் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். அரை அங்குலத்துக்குக் குறைந்த மழைக்கு அந்த விதைகள் அசையவில்லை. ஓரிரு அங்குலம் பெய்தால் முளைத்தன. அதைவிட வியப்பு, மண்ணை அடியிலிருந்து தண்ணீர் ஊறவைத்து நனைத்தால் எவ்வளவு ஈரமானாலும் அவை முளைக்கவில்லை. மேலிருந்து தண்ணீர் விழ வேண்டும். விதையிலும் அதைச் சுற்றிய மண்ணிலும் முளைப்பைத் தடுக்கும் பொருள்கள் இருக்கின்றன. மேலிருந்து கீழே ஓடும் நீர்தான் அவற்றை அலசிக்கொண்டு போகும். விதை ஈரத்தை அறிவதோடு நிற்கவில்லை, மழையின் அளவையும் கணக்கெடுக்கிறது என்று வென்ட் விளக்கினார். கடற்கரை மணலில் உப்பும் இதே வேலையைச் செய்கிறது. உப்பு நிலத் தாவரங்களின் விதைகளை உப்புத் தண்ணீரில் போட்டால் பல முளைக்காமல் கிடக்கும். நல்ல தண்ணீருக்கு மாற்றினால் எழுந்துவிடும்.

இரண்டாவது அடையாளம் ஒளி. 1952-இல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் வேளாண் ஆய்வு நிலையத்தில் போர்த்விக், ஹென்ட்ரிக்ஸ் குழுவினர் ஈரமான லெட்டூஸ் கீரை விதைகளின் மீது சிவப்பு ஒளியை ஒரு நிமிடம் பாய்ச்சினார்கள், முளைத்தன. அதையடுத்துத் தொலைசிவப்பு ஒளியை, அதாவது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற ஆழ்ந்த சிவப்பைப் பாய்ச்சினார்கள், முளைப்பு நின்றது. சிவப்பு, தொலைசிவப்பு என்று மாற்றி மாற்றி எத்தனை முறை காட்டினாலும் கடைசியாகப் பட்டது எதுவோ அதன்படியே விதை நடந்தது. இந்த ஒளியுணர் நிறமிக்குப் பிறகு ஃபைட்டோகுரோம் என்று பெயரிட்டார்கள். இலைகள் சிவப்பைத் தின்றுவிட்டுத் தொலைசிவப்பைக் கீழே விடுகின்றன. ஆகவே தலைக்கு மேல் வேறு செடி அடர்ந்திருந்தால் இத்தகைய விதை அதை அறிந்து தூங்கும். மேலே வெட்டவெளி என்றால் விழிக்கும்.

கொத்தக் கொத்தக் களை வருகிறதே என்ற புலம்பலுக்கும் விளக்கம் இதில் பாதி கிடைக்கிறது. களைக்கொத்து மண்ணைப் புரட்டும் கணத்தில் அடியிலிருந்த விதைக்கு ஒரு நொடி வெளிச்சம் படுகிறது. பலவற்றுக்கு அதுவே போதும். ஜெர்மனியில் இதை வைத்து இரவில் உழுது பார்த்தார்கள். சில வயல்களில் களை நன்றாகக் குறைந்தது, சிலவற்றில் குறையவில்லை. பீலின் பாட்டிலை 2021-இல் தோண்டியவர்களும் விடியுமுன் இருட்டில், நெற்றியில் பச்சை விளக்கோடு போனது இந்தக் காரணத்துக்காகவே.

விதைச் சேமிப்பில் வரவு எங்கிருந்து? முற்றத்துச் செடியே உதிர்ப்பது ஒரு பங்கு. மீதி வெளியிலிருந்து வருகிறது. நெருஞ்சி செருப்பில் குத்திக்கொண்டு வரும். நாயுருவி வேட்டி ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வரும். லண்டனில் கியூ தாவரத் தோட்டத்தின் இயக்குநராக இருந்த எட்வர்டு சாலிஸ்பரி, தன் கால்சட்டை மடிப்பில் சேர்ந்த குப்பையை விதைத்து 20-க்கும் மேற்பட்ட இனங்களை வளர்த்துக் காட்டியவர். வேட்டி கட்டியிருந்தால் எண்ணிக்கை இன்னும் கூடியிருக்கும். கோவைப்பழம் தின்ற கொண்டைக்குருவி வேலியில் உட்கார்ந்து எச்சமிட்ட இடத்தில் கோவைக்கொடி வரும்.

இந்தக் கடற்கரையில் இன்னொரு வரவு கடலின் கணக்கு. அடும்பின் விதை உப்புநீரில் மாதக்கணக்கில் மிதந்தும் சாகாது. இராவணன் மீசையின் பெண் கதிர்கள் முள்ளுருண்டைகளாகக் கழன்று காற்றில் மணலெல்லாம் உருண்டோடும். 1964 டிசம்பர் 22 இரவு புயல் தனுஷ்கோடியைத் தூக்கிச் சாப்பிட்ட பிறகு, அந்த ஊரின் முற்றங்களைக் கூட்டுவார் இல்லை. அறுபது ஆண்டுகளாக யாரும் கூட்டாத அந்த மணலில் இன்று இடிந்த தேவாலயத்தையும் ரயில் நிலையத்தையும் பார்க்கப் போகிறவர்கள் வழி நெடுகக் காண்பது இந்த இரண்டையும்தான். தற்செயல் என்று நினைக்க வேண்டியதில்லை. இந்தோனேசியாவின் கிராகட்டோவா தீவு 1883-இல் எரிமலை வெடித்து மொட்டையான பிறகு, 1897-இல் அங்கே போன தாவரவியலார் கடலோரத்தில் பார்த்ததும் அடும்பையும் இராவணன் மீசையையும்தான். மணலைப் பிடித்து நிறுத்த முதலில் வருபவை இவை, மற்றவை பின்னால்.

முளைத்தவை அந்தக் கொதிமணலில் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன? தண்ணீர் ஊற்றாவிட்டால் இரண்டே நாளில் தலை தொங்கும் தொட்டிச் செடிக்குப் பக்கத்திலேயே சாரணை கொழுகொழுவென்று படர்ந்திருக்கும். செடி உணவு தயாரிக்கக் காற்றிலிருந்து கரியமில வாயு வேண்டும். அதற்காக இலைத்துளைகளைத் திறந்தால் அதே வழியில் ஈரம் வெளியேறும். போதாக்குறைக்கு, வாயுவைப் பிடிக்கும் ரூபிஸ்கோ என்ற நொதி, வெப்பம் ஏறினால் ஆளை மாற்றி ஆக்சிஜனைப் பிடித்துவிடும், உழைப்பு வீண். வேம்பு, தென்னை, நெல் எல்லாம் இந்தச் சிக்கலோடுதான் வாழ்கின்றன. சாரணை, மூக்கிரட்டை, நெருஞ்சி, குப்பைக்கீரை, அருகம்புல், கோரை, இராவணன் மீசை ஆகியவை வேறு வழி கண்டவை. அவை முதலில் கரியமில வாயுவை நான்கு கரியணு கொண்ட ஓர் அமிலமாக மாற்றி, இலை நரம்பைச் சூழ்ந்த உள்ளறைகளுக்கு அனுப்பி, அங்கே அடர்த்தியாக விடுவிக்கின்றன. வாயு நெருக்கமாக இருக்கும்போது ரூபிஸ்கோ தவறு செய்வது அரிது. துளைகளையும் குறைவாகத் திறந்தால் போதும். இதை நாற்கரி ஒளிச்சேர்க்கை எனலாம்.

ஆஸ்திரேலியாவில் கரும்பை ஆராய்ந்த ஹாட்ச், ஸ்லாக் இருவரும் 1966-இல் இதை வெளியிட்டார்கள். கதிரியக்கக் கரியணுவை இலைக்கு ஊட்டி, சில நொடிகளில் இலையைக் கொன்று, அந்த அணு முதலில் எந்தப் பொருளில் போய் உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பதே முறை. உலகத் தாவர இனங்களில் ஏறத்தாழ 3 விழுக்காடே இப்படிப்பட்டவை. ஆனால் நிலத்தில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறைய கால் பங்கு இவற்றின் கணக்கு. பருப்புக்கீரை இன்னும் ஒரு படி மேல். தண்ணீர் தட்டுப்பட்டால் அது கள்ளியைப் போல இரவில் துளை திறந்து வாயுவைச் சேமிக்கவும் செய்கிறது. இரண்டு வேலையும் ஒரே உயிரணுவுக்குள் நடப்பதை யேல் பல்கலைக்கழகத்தினர் 2022-இல் காட்டினார்கள். பருப்போடு வெந்து கடையப்படும் ஒரு கீரைக்கு இது கொஞ்சம் அதிகமான திறமைதான்.

இவற்றுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்பது தீவில் சிறிய விஷயம் அல்ல. இராமேசுவரத்தில் கிணற்று நன்னீர் என்பது, மழை மணலில் இறங்கி, அடியிலிருக்கும் உப்புநீரின் மேல் மிதக்கும் படலம். நன்னீரின் எடை குறைவு. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே சுமார் 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது கைபன், ஹெர்ஸ்பர்க் என்ற இருவர் பெயரில் வழங்கும் கணக்கு. திருப்பிப் பார்த்தால் வயிறு கலங்கும்: மோட்டார் போட்டு மேல்மட்டத்தை ஓர் அடி இறக்கினால், நாளடைவில் அடியிலிருந்து உப்பு 40 அடி ஏறும். புல்தரைக்கு தினமும் குழாய் பிடிக்கும் விடுதிகள் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்ப்பது நல்லது.

செடிகளை விட்டுவைத்தால் அடுத்து வருபவை பூச்சிகள். எருக்கம் இலையில் வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சி முட்டையிடும். தரையோடு படர்ந்து, ஆடுகூடத் தொடாத கசப்புச் செடியான ஆடுதீண்டாப்பாளையில் சிவப்புடல் அழகி முட்டையிடும்: கறுப்பு இறகு, செக்கச்செவேல் உடல். இந்தச் செடிகள் நஞ்சுள்ளவை. புழுக்கள் அதைத் தின்று, நஞ்சைத் தம் உடலில் சேர்த்துக்கொள்கின்றன. வண்ணத்துப்பூச்சியான பிறகும் அது கூடவே இருக்கிறது. இதை உறுதிப்படுத்திய பரிசோதனை அழகானது. வெந்தய வரியனின் நெருங்கிய உறவான அமெரிக்க மோனார்க் பூச்சியை 1960-களில் லிங்கன் பிரவர் இரண்டு விதமாக வளர்த்தார். எருக்கின் உறவுச் செடியைத் தின்று வளர்ந்தவற்றை விழுங்கிய ஜே பறவைகள் சில நிமிடங்களில் வாந்தியெடுத்தன. பிறகு அந்த நிறத்தைக் கண்டாலே விலகின. சிரமப்பட்டு முட்டைக்கோஸ் தின்னப் பழக்கி வளர்த்தவற்றைப் பறவைகள் சுகமாகச் சாப்பிட்டன. ஆக நஞ்சு பூச்சியின் சொந்தச் சரக்கு இல்லை, செடி தந்தது.

இதே முற்றத்தில் கறிவேப்பிலை மரமும் இருந்தால் வேடிக்கை கூடும். அதில் வளரும் கறிவேப்பிலை அழகிக்கு நஞ்சு கிடையாது. ஆனால் அதன் பெண்களில் ஒரு வகை, சிவப்புடல் அழகியைப் போலவே வேடமிட்டுத் திரிகிறது. ஒரே தாயின் மகள்களில் ஒன்று வேடத்தோடும் ஒன்று வேடமில்லாமலும் பிறக்கலாம். இந்த மாற்றத்துக்குப் பொறுப்பு ‘டபுள்செக்ஸ்’ என்ற ஒற்றை மரபணு என்று 2014-இல் கிருஷ்ணமேக் குண்டேயும் சிகாகோவின் மார்கஸ் குரோன்ஃபார்ஸ்ட்டும் சேர்ந்த குழு ‘நேச்சர்’ இதழில் எழுதியது. குண்டே பெங்களூரின் தேசிய உயிரியல் ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர். வேடம் பலிக்க, அசலும் அருகில் பறக்க வேண்டும். ஆடுதீண்டாப்பாளையை வேரோடு பிடுங்கிவிட்டால், கறிவேப்பிலை மரத்துப் பூச்சியின் வேடத்துக்கும் மதிப்புக் குறையும்.

இவ்வளவும் கேட்டுவிட்டு, முளைப்பதையெல்லாம் விட்டுவிடலாம் என்று முடிவுகட்டுவது தவறு. மண்ணின் சேமிப்பு யார் போட்டாலும் வாங்கிக்கொள்ளும். இராமநாதபுரத்தில் அதற்குச் சாட்சி சீமைக்கருவேலம். அமெரிக்கக் கண்டத்து மரம். 1877-ஐ ஒட்டி ஜமைக்காவிலிருந்து விதையாக வந்தது. விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் ஆனது உண்மை. கண்மாய்களை அடைத்ததும் உண்மை. 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை அகற்றச் சொல்லி உத்தரவிடும் அளவுக்குப் போனது. அதன் இனிப்பு நெற்றை ஆடு தின்னும். விதை ஆட்டின் வயிற்றில் தோல் தேய்ந்து, எருவோடு வெளியே வந்து, வழக்கத்தைவிட நன்றாக முளைக்கும். கொல்லையில் ஆட்டுக்கொட்டில் உள்ள வீட்டில் இதை இரண்டு இலையிலேயே பிடுங்க வேண்டும். முழங்கால் உயரத்துக்கு வந்தபின் வெட்டினால் அடியிலிருந்து தழைக்கும். பார்த்தீனியமும் அப்படியே, பூக்குமுன் போக வேண்டும். வெட்டுக்காயத்துக்குக் கசக்கிப் பிழியும் கிணற்றடிப் பூண்டுகூட மத்திய அமெரிக்காவிலிருந்து வந்ததே. ஆனால் அது யாரையும் அமுக்கி வளர்வதில்லை, இருந்துவிட்டுப் போகட்டும்.

முற்றிலும் கைவிட்டாலும் வகை பெருகாது என்பதற்கும் டார்வினே சாட்சி. நெடுநாள் வெட்டிக்கொண்டிருந்த புல்தரையில் மூன்றடிக்கு நான்கடி இடத்தை வளரவிட்டார். அதில் இருந்த 20 இனங்களில் 9 அழிந்தன. உயரமானவை குட்டையானவற்றின் வெளிச்சத்தை மறைத்துவிட்டன. ஆகவே அவ்வப்போது அறுப்பதே நல்லது, பிடுங்குவதைவிட. தரைக்கு நான்கு விரற்கடை மேலே அரிவாளால் அறுத்தால் மண் புரளாது, அடியில் தூங்கும் விதைக்கு வெளிச்சம் படாது, வேர் மணலைப் பிடித்துக்கொண்டே இருக்கும். வீட்டு வாசலிலும் நடைபாதையிலும் கிணற்றைச் சுற்றியும் நான்கடி சுத்தமாக இருக்க வேண்டும்; பாம்பு பயம் மூடநம்பிக்கை அல்ல. குழந்தைகள் வெறுங்காலோடு ஓடும் பக்கம் நெருஞ்சிக்கு இடம் தரத் தேவையில்லை. வேலியோரம் எருக்கும் வேலிப்பருத்தியும், வெயில் நேரே விழும் நடுவில் மூக்கிரட்டையும் பருப்புக்கீரையும், நிழலோரம் கீழாநெல்லி, கடலைப் பார்த்த பக்கம் அடும்பு என்று விட்டால் பெரும்பாலும் தானே அமையும். தையில் செடிகள் காய்ந்ததும் உடனே அறுத்துக் கொளுத்திவிடாமல், விதை உதிர்ந்தபின் அறுப்பது முக்கியம். அடுத்த ஐப்பசிக்கான வரவு அப்போதுதான் மணலில் விழுகிறது.

தன் முற்றத்து மணலில் யார் யார் இருக்கிறார்கள் என்று மழைக்கு முன்பே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் புரட்டாசியில் ஒரு சோதனை செய்யலாம். மேல்மணலை இரண்டு விரற்கடை ஆழத்துக்கு நாலைந்து இடங்களில் அள்ளிக் கலந்து, அடியில் ஓட்டையுள்ள மூன்று தட்டுகளில் பரப்ப வேண்டும். ஒன்றுக்கு மேலிருந்து பூவாளியால் நல்ல தண்ணீர். இரண்டாவதை ஒரு தாம்பாளத்தில் வைத்து, தண்ணீரைத் தாம்பாளத்தில் மட்டும் ஊற்றி, அடியிலிருந்து ஊறவிட வேண்டும். மூன்றாவதற்கும் பூவாளிதான், ஆனால் கடல்நீர். மூன்று வாரம் எண்ணிக் குறித்தபின், மூன்றாவது தட்டை நல்ல தண்ணீரால் நான்கைந்து முறை அலசிவிட்டு மறுபடி எண்ணத் தொடங்கலாம். அதில் அதன்பிறகு தலைகாட்டுபவை உப்புக்குப் பயந்து உயிரோடு ஒதுங்கியிருந்தவை. புயல் கடல்நீர் முற்றத்தில் ஏறி வடிந்தாலும் அவற்றில் பல அடுத்த நல்ல மழைக்கு எழுந்துவிடும்.